இருபத்து மூன்றாவது நிமிடம்

உனக்குப் பிடித்த இடம் எது என்று ஆண்டாளைக் கேட்டால் கோமுகி அணை என்பாள், கோயில் குளம் என்பாள், வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்துக்கொள்வாள். உண்மை வேறு. சென்னையில் அவள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பல்கலைக்கழகத்தின் பின்கட்டில், ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டிய சின்ன அறை ஒன்று இருந்தது. பட்டப்பகலிலும் அங்கே கையை நீட்டினால் கை தெரியாது. இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல் அந்த இருட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த அறையில் ஓர் இயந்திரம். புத்தகத்தில் அதற்கு வாயு நிறப்பிரிகைக் கருவி என்று பெயர், அங்கிருந்தவர்களுக்கு ஜி.சி. அதன் வயிற்றுக்குள் சுருள் சுருளாக ஒரு மெல்லிய குழாய் ஓடும். புகையிலிருந்து வடித்த ஒரு சொட்டை ஊசியால் உள்ளே செலுத்திச் சூடேற்றினால், அதிலிருக்கும் பொருள்களெல்லாம் ஆவியாகிக் குழாய்க்குள் புறப்படும். கூட்டமாக உள்ளே போகிறவை, மறுமுனையில் ஒவ்வொன்றாகத்தான் வெளியே வரும். அதனதன் நடைக்கு அதனதன் நேரம்.

இதுவரை எல்லா ஜி.சி.க்கும் உள்ளதுதான். ஆண்டாள் தன் கையால் சேர்த்தது அந்த மறுமுனையில் இருந்தது. வெளியே வரும் ஆவி ஒரு சின்னப் படிகக் கூட்டுக்குள் நுழையும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிர் விழும். வருவதில் பெரும்பாலானவை அதைக் கண்டுகொள்ளாமல் இருட்டாகவே போய்விடும். ஒருசில மட்டும் அந்தக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். அந்த நீலத்தைப் பக்கத்திலிருக்கும், ஒளியை உணரும் ஒளிக்குழாய் பார்த்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் தாளில் பேனா ஒரு மேடு வரையும். அவ்வளவுதான் அவளுடைய நான்கு வருஷம்.

ஒருநாள் அந்த ஒளிக்குழாயைக் கழற்றிவிட்டு, ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு, தன் கண்ணாலேயே பார்த்தாள். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, பிறகு மெல்ல ஒரு நீலம் எழுந்து ஆறு வினாடி நின்று போய்விட்டது. யாரோ தூக்கத்தில் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டதுபோல் இருந்தது அவளுக்கு. அன்றையிலிருந்து பெண் கொஞ்சம் கிறுக்காகிப்போனாள் என்றே சொல்ல வேண்டும். விடுதியில் சாப்பிடும்போதும் எதிரே இருப்பவர் பேச்சைக் கேட்காமல், இதில் எது ஒளிரும், எது ஒளிராது என்று தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் அடுப்புப் புகை. கச்சிராயபாளையத்தில் அவள் வீட்டுக் கொல்லையில் நின்று பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். மலைவீடுகளின் கூரை வழியே காலையில் புகை கசிவதும் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்த புகை. வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் பன்னிரண்டு வீடுகளில் சிறிய பம்பு ஒன்றை வைத்து, வீட்டுக் காற்றை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இழுத்துப் பிடித்தாள். மின்சாரம் இல்லாத ஊர். பம்பு ஓட அவள் அப்பா கண்ணாயிரத்தின் டிராக்டர் பேட்டரிதான். கரும்பு ஓட்ட முடியாமல் டிராக்டர் நின்ற நாளெல்லாம் மகளைத் திட்டித் தீர்த்தார். அடுத்தமுறை கேட்டபோதும் கழற்றிக் கொடுத்தார்.

புகையுள்ள நாளை மட்டும் அளந்தால் போதாது. புகையில்லாத நாள் ஒன்றும் வேண்டும். நெருப்பே இல்லாத ஒரு பகல், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. அதற்கு எதிரே வைத்துப் பார்த்தால்தான் எது புகையில் வந்தது, எது வீட்டுச் சுவரிலேயே இருந்தது என்று தெரியும். சித்திரை மாதம் பன்னிரண்டு வீட்டிலும் கேட்டுப் பார்த்தாள். பதினொரு வீட்டில் முகம் சுருங்கிவிட்டது.

“இன்னா டீச்சரம்மா, இது சாவு வூடா? அடுப்பு எரியாம எப்டி இருக்கறது?”

அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் படித்த பெண் என்றால் மலையில் டீச்சரம்மாதான். பட்டமாவது மரியாதையாகக் கிடைத்தது. பேச்சில் எல்லாருக்கும் ‘நீ’தான்.

ஆண்டாளுக்குத் தெரியாத சங்கதியா? அவள் வீட்டிலும் துக்கம் விழுந்தால்தான் அடுப்பு குளிரும். ஆனால் அந்த இருட்டறையில் உட்கார்ந்து உட்கார்ந்து, நெருப்பில்லாத நாள் என்பது அவளுக்கு வெறும் அளவாகிவிட்டிருந்தது. பன்னிரண்டாவது வீடு மாயவனுடையது. அவர் வாயைத் திறக்கும் முன்பே அவர் மனைவி பொன்னாயி, “சரி, வெச்சிக்க” என்று சொல்லிவிட்டாள். ஆண்டாள் துள்ளிக் குதிக்காத குறைதான்.

சென்னைக்குப் போய் அந்தக் காற்றை வடித்து உள்ளே செலுத்தினாள். நெருப்பில்லாத நாளின் தாள் கோடுபோல் ஓடியது. இருபது நிமிடம் வரை அங்கங்கே சின்னச் சின்ன நெளிவு, சுவரில் படிந்த பழைய கரி. இருபத்து மூன்றாவது நிமிடத்தில் பேனா எழுந்தது. எழுந்து, தாளின் உச்சிவரை போய், அழகாக இறங்கியது. வேறெந்த வீட்டிலும், எந்தப் புகைநாளிலும் இல்லாத மேடு.

ஊசியைக் கழுவினாள், கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவினாள், மூன்று தடவை ஓட்டினாள். மூன்று தடவையும் அதே நிமிடம், அதே மேடு. அப்படியானால் நெருப்பே இல்லாத ஒரு வீட்டின் காற்றில் ஏதோ ஒன்று ஒளிர்கிறது. இலையா? மண்ணா? கூரைப் புல்லா? அன்று தொடங்கி அவளுக்கு ஒரே கனவு. மலை முழுக்க விளக்கில்லாமல் படுத்திருக்கும். அவள் ஊதாக் கதிரோடு ஏறுவாள். பாறை, மரம், சாமைக் கொல்லை எல்லாம் ஒவ்வொன்றாக நீலமாகி, அவள் தாண்டியதும் அணைந்துவிடும்.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் தங்கதுரை லேசில் சிரிக்காதவர். அந்தத் தாளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகிவிட்டார். டிசம்பரில் டெல்லியில் நடக்கும் மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கத்தையும் அனுப்பினார். ஒரே ஒரு நிபந்தனை. அதே வீட்டில் நெருப்பில்லாத இன்னொரு நாள் வேண்டும். மேடு மறுபடி வந்தால் அது ஆண்டாளின் கண்டுபிடிப்பு. ஆய்வேடே அதன்மேல் நிற்கும். வராவிட்டால் நான்கு வருஷம் அம்போ.

அதற்காகத்தான் எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பர் பதினாறாம் தேதி அவள் மலையேறினாள். மறுநாளிலிருந்து இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். அவள் தம்பி தமிழரசன்தான் பேட்டரியை பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அவனும் மறியலுக்குப் போகிறவன்.

“ரெண்டு நாள்ல கெளம்பிடுவேன்டா” என்றாள்.

“எங்க கெளம்புவ? நாளைலருந்து பஸ்ஸே கெடையாது. ஏழு நாளும் மேலயே கெட.” பிறகு கொஞ்சம் தணிந்து, “நீ எப்டியோ படிச்சிக்கினு போய்ட்ட. நம்ப ஊர்ல மத்தவன் எப்டிக்கா போவான்?” என்றான். பஸ் கிளம்பிவிட்டது.

இதுவரை வெள்ளிமலையில் தங்கி, விடியலில் வந்து மாலையில் போகிறவளாக இருந்தவள், முதல்முறையாக மாயவன் வீட்டில் தங்கினாள். அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து, சித்திரையில் தனக்குக் கிடைத்ததை இருவருக்கும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே கண் மின்னியது. இந்த வீட்டுக் காற்றில் ஒரு வெளிச்சம் இருக்கிறது, வேறெங்கும் இல்லாதது, டெல்லியில் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் அதைச் சொல்லப்போகிறேன் என்றாள்.

“நெருப்பு இல்லாமயேவா மின்னுது?” என்று மாயவன் கேட்டார்.

“ஆமாங்க. அதான் விசேஷமே.”

பொன்னாயி கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டுகிற கை நின்றது. மறுபடி கிண்டத் தொடங்கினாள்.

மறுநாள் மாலை மாயவனின் டிரான்சிஸ்டரில் சேதி வந்தது. நெடுஞ்சாலையெங்கும் மரங்கள் விழுந்துகிடக்கின்றன, சில இடங்களில் துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். பொன்னாயியின் ஒரே மகன் இருசப்பன் உளுந்தூர்பேட்டையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் பரோட்டாக் கடை ஒன்றில் வேலை செய்கிறவன். சரியாக அந்த நெடுஞ்சாலை முனையிலேயே கடை. சேதி முடிந்தும் மூவரும் டிரான்சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு வேணாம்க்கா. இன்னொரு நாள் வெச்சிக்கலாம்” என்றாள் ஆண்டாள். வாய்தான் சொன்னது. உள்ளுக்குள் அவளுக்கு வேறு கணக்கு. ஊதா விளக்கு ஆயுள் முடிகிற நிலையில் இருந்தது, வேறு விளக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், டிசம்பர் நெருங்குகிறது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே ஒப்புக்குச் சொன்னதை நினைத்துப் பின்னால் அவள் பலநாள் கூசினாள்.

“நாளைக்கே வெச்சிக்க” என்றாள் பொன்னாயி.

விடிந்தும் விடியாமல் பொன்னாயி அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். சீறிக்கொண்டு சாம்பல் எழுந்தது. போதாதென்று கையாலேயே சாம்பலைக் கிளறி, அடியில் ஒளிந்திருந்த இரண்டு நெருப்புக் கங்குகளையும் தேடி எடுத்து நனைத்தாள். மாயவன் பார்க்க மாட்டாதவராக எழுந்து வெளியே போய்விட்டார். ஆறு மணிக்கு ஆண்டாள் பம்பை ஓடவிட்டாள். அதன் சின்ன முனகல் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை.

அந்தப் பகல் விசித்திரமான பகல். மலையில் மூடுபனி இறங்கி வாசல்வரை வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் புகை அதற்குள் கலந்து, எது பனி, எது புகை என்று தெரியவில்லை. நேற்றுக் கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு ஆண்டாள் சுவரில் சாய்ந்தாள். பம்பின் முனகலில் கண் சொக்கியது. வீடு மெதுவாக மூச்சு விடுவதுபோலவும், அந்த மூச்சிலிருந்து ஒன்றே ஒன்று பிரிந்து, கண்ணாடிக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டு, சென்னைவரை இருட்டிலேயே வந்து, தன் நேரம் வந்ததும் நீலமாகக் கண்ணைத் திறக்கப்போவதுபோலவும் இருந்தது. சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. வெட்கமில்லாத சந்தோஷம்.

பொன்னாயி கூழைத் தொடவில்லை. காலையிலிருந்து வாசற்படியில், கீழே இறங்கும் தடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு ஆண்டாள் இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் தேனும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பொன்னாயி சொன்னாள்:

“சித்திரையில ஒன்ன ஏமாத்திப்புட்டேன், டீச்சரம்மா.”

ஆண்டாளுக்குப் புரியவில்லை.

“அன்னிக்கி நீ வர்றதுக்கு முந்தியே ரெண்டு கங்க எடுத்து சட்டி ஓட்டுல போட்டு, சாமக் குதிருக்குப் பின்னால வெச்சிட்டேன். கங்கு வாசன ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு மேல குங்கிலியத்தப் போட்டுக்கினே இருந்தேன். பொழுது எறங்கற வரிக்கும்.”

குங்கிலிய வாசனை ஆண்டாளுக்கு நன்றாக நினைவிருந்தது. சாமி மூலையிலிருந்து வருகிறது, இந்த வீட்டு வாசனையே இதுதான் என்று நினைத்து, குறிப்பேட்டில்கூட எழுதாமல் விட்டிருந்தாள். அப்படியானால் இருபத்து மூன்றாவது நிமிடத்தில் எழுந்தது அந்தக் குங்கிலியப் புகையாக இருக்கலாம்.

“ஏன்க்கா?”

“இந்த நெருப்பு எங்கம்மா வூட்டு நெருப்பு. கண்ணாலத்தன்னிக்கி சட்டியில வெச்சித் தூக்கிக்கினு வந்தேன். முப்பது வருசம் அணஞ்சதில்ல. வூட்ட வுட்டுப் போனவங்க திரும்பி வர்ற வரிக்கும் அடுப்புல கங்கு இருக்கணும்னு எங்கம்மா சொல்லிச்சி. இருசப்பன் அப்பத்தான் உளுந்தூர்பேட்டைக்குப் போயிருந்தான். நீயும் ஆசையா கேட்ட. ஒனக்கு இல்லன்னு சொல்லவும் மனசு வரல, அணைக்கவும் மனசு வரல.”

“அப்ப இன்னைக்கு?”

“இன்னிக்கி ஒண்ணும் இல்ல. வேணும்னா குதிருக்குப் பின்னால போய்ப் பாரு.” பொன்னாயி தடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். “முந்தாநாளு சொன்னியே, ஒரு வெளிச்சம் தெரியுது, ஊரெல்லாம் சொல்லப் போறேன்னு. அது என் கங்குதான். பெரிய பெரிய ஆளுங்க முன்னால நீ பொய் சொல்லிப்புடுவியேன்னு இருந்திச்சி. வாயால சொல்ல வெக்கமா இருந்திச்சி. அதான் அணைச்சிட்டேன்.”

ஆண்டாள் எழுந்து உள்ளே ஓடினாள். பம்பின் ஒயரில் கை வைத்தவளைப் பொன்னாயி பின்னாலேயே வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் எவ்ளோ நேரம் ஓடணும்?”

“ரெண்டு மணி நேரம். வேணாம்க்கா. முதல்ல அடுப்பப் பத்த வைங்க.”

“ஓடட்டும். அணைச்சது அணைச்சாச்சி. பாதியில நிறுத்தினா எனக்கும் இல்லாம ஒனக்கும் இல்லாமப் பூடும்.”

இரண்டு மணி நேரமும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு மணிக்குப் பம்பு நின்றது. மாயவன் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். தன் கல்யாணத்துக்குப் பிறகு பொன்னாயி தன் அடுப்பைத் தீக்குச்சியால் பற்ற வைத்தது அதுதான் முதல் தடவை. ஆண்டாள் கண்ணாடிக் குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றிப் பையின் அடியில் வைத்துவிட்டு, முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு அழுதாள்.

ஏழு நாள் முடிந்ததும் முதல் பஸ்ஸில் இறங்கினாள். சாலையோரமெல்லாம் வெட்டி இழுத்துப் போட்ட புளியமரங்கள். கச்சிராயபாளையத்தில் தம்பி தாடியோடு, முழு ஆளாக வீட்டுக்கு வந்திருந்ததைப் பார்த்துவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் சென்னை பஸ் ஏறினாள். உளுந்தூர்பேட்டை வந்ததும் இறங்கிவிட்டாள். பையை மார்போடு கட்டிக்கொண்டு முனைக்கு முனை கடைகளில் கேட்டுக்கொண்டே போனாள். நாலாவது கடையில் ஒருவன் பரோட்டாக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அம்மாவின் அதே அகன்ற நெற்றி.

“நீ இருசப்பன் தானே?”

“ஆமாங்க. நீங்க?”

“உங்க வீட்டுல பம்பு வெக்கிற டீச்சரம்மா. உனக்கு ஒண்ணும் ஆகலயே?”

“எனக்கு இன்னாங்க ஆவும்? மொதலாளி ஷட்டர இறக்கிட்டு ஏழு நாளும் உள்ளயே படுக்க வெச்சிட்டாரு. தூங்கித் தூங்கி ஒடம்புதான் வீங்கிப் போச்சி.”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. “கல்ல அப்புறம் தேய்க்கலாம். இப்ப பஸ் ஏறு. உங்கம்மா தடத்தையே பாத்துக்கினு உக்காந்திருக்காங்க” என்றாள். அவன் முதலாளியைப் பார்த்தான். ஆண்டாள் பார்த்த பார்வையில் முதலாளி தலையாட்டிவிட்டார். கைலியோடேயே அவன் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை இருட்டறை. ஊதா விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டு எரிந்தது. இவ்வளவு தெரிந்த பிறகும் மனசு ஒரு மூலையில் அடம்பிடித்தது. குங்கிலியப் புகைக்கும் அந்த மேட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாமே? மலைக்கென்று ஒரு வெளிச்சம் இருக்கக் கூடாதா என்ன? இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள், பச்சைக் குழந்தைபோல் ஆசைப்பட்டாள். சொட்டைச் செலுத்திவிட்டுப் பேனாவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்து மூன்றாவது நிமிடத்தில் பேனா அசையவில்லை. இருபத்து நான்கிலும் இல்லை. நாற்பது நிமிடமும் கோடு அப்படியே ஓடி முடிந்தது. மலை அவளுக்கு ஒன்றும் காட்டவில்லை. அந்த வீட்டில் அன்று நெருப்பில்லை என்பதை மட்டும் அது அப்பழுக்கில்லாமல் சொன்னது.

தங்கதுரை இருட்டறைக்கே வந்து, விளக்கைப் போட்டு, தாளைக் கையில் வாங்கி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இரண்டு தடவை பார்த்தார். ஆண்டாள் குங்கிலியத்தைப் பற்றியும் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். கெட்ட மனிதர் இல்லை. அவளுக்காகத்தான் பேசினார்.

“ஆண்டாள், வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தாங்க. பஸ் மாறி பஸ் ஏறி வந்திருக்கே. கண்ணாடிக் குழாய்தானே, உடைஞ்சு போச்சுன்னு எழுதிட்டா யார் கேக்கப் போறாங்க? முதல் தாள் ஒண்ணை வெச்சே டெல்லிக்குப் போயிடலாம். மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்.”

உடனே மறுத்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். ஆண்டாள் அந்த நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். டெல்லி தெரிந்தது, மேடை தெரிந்தது, அவள் பெயர் போட்ட தாள் தெரிந்தது. அவள் நீலம், நான்கு வருஷமாக இருட்டில் உட்கார்ந்து காத்திருந்த நீலம். ஒரே ஒரு சின்னச் சொல்தான். கேட்பாரும் இல்லை.

“உடையல சார்” என்றாள்.

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சிட்டேன் சார். இந்த ஒரு தாளுக்காக ஒருத்தங்க முப்பது வருஷத்து நெருப்ப அணைச்சாங்க. புள்ள உயிரோட இருக்கானா இல்லையான்னு தெரியாத அன்னைக்கு அணைச்சாங்க. நான் பொய் சொல்லிடக் கூடாதுன்னு அணைச்சாங்க. இப்ப குழாய் உடைஞ்சிடுச்சுன்னு நான் சொன்னா, அவங்க அதை சும்மாவே அணைச்ச மாதிரி ஆயிடும் சார்.”

தங்கதுரை ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே கறுப்புத் தாள்தான் இருந்தது. பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து கடிதத் தாள் ஒன்றை எடுத்தார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று டெல்லிக்கு இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவள் பக்கம் நகர்த்தினார். ஆண்டாள் தன் பெயருக்கு மேலே கையெழுத்துப் போட்டாள்.